சுவரில் கறுப்பை வரவழைப்பது எப்படி?

வீட்டுப் புரொஜெக்டரில் ஒரு படம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் கறுப்புக் கோட்டு அணிந்து வருகிறான். சுவரில் அந்தக் கோட்டு நல்ல கறுப்பாகவே தெரிகிறது. இப்போது புரொஜெக்டரை நிறுத்திவிட்டு அதே சுவரைப் பாருங்கள். முழுதும் வெள்ளை! கோட்டு தெரிந்த இடமும் வெள்ளைதான்.

அப்படியானால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? புரொஜெக்டர் ஒளியை வீசும் கருவி. சிவப்பு ஒளியை வீசலாம், நீல ஒளியை வீசலாம். கறுப்பு நிறத்தில் ஒளி என்று ஒன்று கிடையாதே!

விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கு விடை தெரியாமல் ரிமோட்டைக் கையில் எடுப்பவர்கள்தான் அதிகம். இரவுக் காட்சி வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. உடனே 'பிரைட்னஸ்' பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்துகிறார்கள். இருட்டு நீங்குவதற்குப் பதில் படம் முழுவதும் மூடுபனி படர்ந்துவிடுகிறது. பள்ளியிலும் இதே கதைதான். முன்னால் நிற்கும் ஆசிரியருக்குத் தெரியும் நிலவரைபடம் கடைசிப் பெஞ்சில் இருப்பவனுக்கு வெறும் சாம்பல் நிறக் கறையாகத் தெரிகிறது. அவன் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று பெயர் வாங்குகிறான். உண்மையில் அவன் கண்ணுக்குப் பாடம் போய்ச் சேரவே இல்லை.

ஆகவே கறுப்பிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு காகிதக் குழல் போதும்

பகல் நேரத்தில், ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு, ஒரு படத்தைச் சுவரில் விழச் செய்யுங்கள். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணில் குழலை வைத்து, படத்தில் கறுப்பாகத் தெரியும் ஓர் இடத்தை மட்டும் பாருங்கள். குழலின் வாய் முழுவதும் அந்த இடமே நிறைந்திருக்க வேண்டும். என்ன தெரிகிறது? வெளுத்த சாம்பல் நிறம். சில வீடுகளில் ஏறக்குறைய வெள்ளையே. குழலை எடுங்கள். அதே இடம் மீண்டும் கறுப்பாகிவிடும்.

சுவர் மாறவில்லை, புரொஜெக்டரும் மாறவில்லை. குழல் இல்லாதபோது நம் கண்ணும் மூளையும் அந்த இடத்தைப் பக்கத்தில் உள்ள ஒளிமிக்க பகுதிகளோடு ஒப்பிட்டு, 'இது கறுப்பு' என்று தீர்ப்புச் சொல்கின்றன. குழலை வைத்ததும் ஒப்பிட ஒன்றும் இல்லை, தீர்ப்பும் மாறிவிட்டது.

இதில் ஐயம் இருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஒரு லூமென் ஒளி விழுந்தால் அதை ஒரு லக்ஸ் என்கிறோம். உச்சி வெயிலில் திறந்தவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் விழுகிறது. ஒரு கறுப்புக் குடைத் துணி தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். அது திருப்புவது 4,000 பங்கு. இரவில் டியூப்லைட்டின் கீழ் உங்கள் நோட்டுப் புத்தகத்தின்மீது விழுவது 150 லக்ஸ் என்றால், வெள்ளைத் தாள் அதில் 80 சதவீதத்தைத் திருப்பினாலும் வருவது 120 பங்குதான். வெயிலில் பிடித்த கறுப்புக் குடை, வீட்டிலுள்ள வெள்ளைத் தாளைவிட 30 மடங்குக்கு மேல் ஒளி மிக்கது! ஆனாலும் குடையைக் கறுப்பு என்கிறோம், தாளை வெள்ளை என்கிறோம். நம் கண் ஒளியின் அளவைச் சொல்லும் கருவி அன்று. விகிதத்தைச் சொல்லும் கருவி.

1995 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஆடெல்சன் என்ற விஞ்ஞானி ஒரு படம் வரைந்தார். சதுரங்கப் பலகை ஒன்றின்மீது ஓர் உருளை நிற்கிறது. அதன் நிழல் பலகையில் விழுகிறது. நிழலுக்கு வெளியே உள்ள ஒரு கறுப்புக் கட்டமும் நிழலுக்குள் உள்ள ஒரு வெள்ளைக் கட்டமும் அந்தப் படத்தில் ஒரே சாம்பல் நிறத்தில் அச்சிடப்பட்டவை. எத்தனை முறை பார்த்தாலும் நம்ப முடியாது. இரண்டையும் கத்தரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நம்புவோம். புரொஜெக்டரைச் சரிசெய்ய உட்காரும்போது இந்தச் சதுரங்கப் பலகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'என் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிகிறது' என்ற சாட்சியம் இங்கே எடுபடாது.

அறையும் ஒரு பொத்தான்தான்

விகிதம்தான் முக்கியம் என்றால் அந்த விகிதத்தைக் கணக்கிட்டு விடுவோமே.

உங்கள் புரொஜெக்டர் 2,000 லூமென் ஒளி தருகிறது என்று கொள்வோம். திரையின் மூலைவிட்டம் 100 அங்குலம். அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதத்தில். அகலம் 2.21 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 2.76 சதுர மீட்டர் என்று வரும். 2,000ஐ 2.76 ஆல் வகுத்தால் சுமார் 725 லக்ஸ். இது படத்தில் மிக வெள்ளையான இடம். கருவியின் பெட்டியில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1000க்கு 1 என்று போட்டிருக்கிறது என்போம். அப்படியானால் கறுப்பு இடத்தில் விழுவது 0.7 லக்ஸ்.

இப்போது டியூப்லைட்டைப் போடுங்கள். அதன் ஒளி சுவரில் 100 லக்ஸ் அளவுக்கு விழுகிறது. இது வெள்ளை இடம், கறுப்பு இடம் என்று பார்த்து விழாது. எல்லா இடத்திலும் சமமாகக் கூடிக்கொள்ளும். வெள்ளை 825 ஆகிறது. கறுப்பு 100.7 ஆகிறது. விகிதம் என்ன? 8க்கு 1! பெட்டியில் அச்சடித்திருந்த 1000 எங்கோ போய்விட்டது.

விளக்கை அணைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டால், சுவரில் 5 லக்ஸ் எஞ்சியிருப்பதாகக் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். 128க்கு 1 வரும். அறையை நன்றாக இருட்டாக்கி அரை லக்ஸுக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 590க்கு 1. ரிமோட்டில் உள்ள எந்தப் பொத்தானும் இந்த வேலையைச் செய்யாது. டியூப்லைட்டின் சுவிட்சுதான் புரொஜெக்டரின் முதல் பொத்தான்!

1905 முதல் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்தே நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். டூரிங் டாக்கீஸில் பகல் காட்சி கிடையாது. பொழுது சாய்ந்த பிறகே முதல் ஆட்டம். கூடாரத் துணி வழியே புகும் பகல் வெளிச்சத்தை எந்தப் புரொஜெக்டராலும் வெல்ல முடியாது.

வகுப்பறையை இருட்டாக்க முடியாது. மாணவர்கள் குறிப்பு எடுக்க வேண்டும். அப்போது என்ன செய்வது? படத்தைச் சிறிதாக்குங்கள். புரொஜெக்டரைச் சுவருக்கு அருகே நகர்த்திப் படத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒரு பங்காகும். அதே ஒளி அதில் விழுவதால் 2,900 லக்ஸ் கிடைக்கும். டியூப்லைட் எரிந்தாலும் விகிதம் 29க்கு 1 ஆக உயர்கிறது. பெரிய படமாக இருந்தால்தான் கடைசிப் பெஞ்சுக்குத் தெரியும் என்று எண்ணி இதற்கு நேர்மாறாகச் செய்துவிடுகிறோம். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பது உண்மை. அதற்கு ஒரு பக்கத்தில் எழுதும் வரிகளைக் குறைத்தால் போயிற்று. அத்துடன் சுவருக்கு நேர் எதிரே எரியும் விளக்கை மட்டுமாவது அணைத்துவிடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மலிவான கருவிகளின் பெட்டியில் பல்லாயிரம் லூமென் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். திரைக்கு வந்து சேரும் ஒளியை முறைப்படி அளந்து சொல்வது 'ஆன்சி லூமென்' அல்லது 'ஐ.எஸ்.ஓ. லூமென்' என்ற அளவு. அந்தச் சொல் இல்லாத எண்ணை வைத்து மேலே போட்ட கணக்கைப் போடாதீர்கள். விடை தவறிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

வீட்டுப் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் திரவப் படிகத் தகடுகள் உள்ளன. மின்னழுத்தத்துக்கு ஏற்ப அவை ஒளியை விடுகின்றன அல்லது தடுக்கின்றன. மற்றொன்றில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான ஆடிகள். 1987 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்பவர் உருவாக்கிய சில்லு இது. ஒவ்வோர் ஆடியும் தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கே இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்சுக்குப் போகும்; மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே வீணாகும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படிச் சாய்ந்து சாய்ந்து, எவ்வளவு நேரம் 'திறந்து' இருந்தது என்பதைக் கொண்டே இடைப்பட்ட சாம்பல் நிறங்களை உண்டாக்குகிறது. இந்தப் பணிக்காக ஹார்ன்பெக்குக்கு 2015 இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. பொறியாளருக்கு ஆஸ்கார்!

இந்த வகைக் கருவியில் சிவப்பு, பச்சை, நீலப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக வருகின்றன. வெள்ளைப் படம் விழும்போது திரைக்கு அருகே கையை விரித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள்; விரல் நிழலின் ஓரங்களில் வண்ணங்கள் தெறிக்கும். ஆனால் லென்சுக்குள் மட்டும் ஒருபோதும் பார்க்க வேண்டாம். கண்ணுக்கு ஆபத்து.

எந்த வகையானாலும் 'மூடிய' நிலையிலும் சிறிதளவு ஒளி கசியும். நாம் கணக்கில் எடுத்துக்கொண்ட 0.7 லக்ஸ் அதுதான்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இனி ரிமோட்டை எடுக்கலாம். அதற்கு முன், கருவியைத் திரைக்கு நேராக, மட்டமாக வையுங்கள். கீழே வைத்து அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்தால் படத்தின் மேற்பக்கம் அகன்று சரிவகமாகிவிடும். மேல் விளிம்புக்கு ஒளி அதிக தூரம் செல்கிறது அல்லவா? இதை 'கீஸ்டோன்' பொத்தானால் நேராக்கலாம்தான். ஆனால் படப்புள்ளிகள் சிலவற்றைப் பலிகொடுத்தே அது நேராக்கும். நான்கு புத்தகங்களை அடியில் அடுக்கி உயரத்தைச் சரிசெய்வது மேல். விளக்கு சூடேறி நிலைபெற இருபது நிமிடம் ஓடட்டும்.

மெனுவில் முதலில் 'பிக்சர் மோட்' இருக்கும். கடைக்காரர் வைத்துக் கொடுத்தது பெரும்பாலும் 'டைனமிக்' அல்லது 'விவிட்' என்பதாக இருக்கும். பாதரச ஆவி விளக்கு உள்ள கருவிகளில் இதைப் போட்டால் வெள்ளை சற்றுப் பச்சையாகத் தெரியும். காரணம் சுவையானது. பாதரச ஆவி 546 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளியை ஏராளமாகத் தருகிறது. சிவப்பில் அது கஞ்சன். நம் கண்ணோ பச்சைக்கே அதிகம் மயங்குவது. தொலைக்காட்சித் தரத்தின்படி, வெள்ளையின் பொலிவில் 72 சதவீதம் பச்சையின் பங்கு. சிவப்பு 21, நீலம் வெறும் 7. பச்சையைக் குறைக்காமல் விட்டால் அதிக லூமென் என்று சொல்லிக்கொள்ளலாம். கடையின் வெளிச்சத்தில் எடுபட வேண்டும் அல்லவா! வீட்டில் 'சினிமா' அல்லது 'மூவி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். போகிற போக்கில் இன்னொன்று: கறுப்புப் பின்னணியில் நீல எழுத்துப் போட்டு வகுப்பில் காட்டாதீர்கள். அந்த 7 சதவீதத்தை வைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சு மாணவன் என்ன படிப்பான்?

அடுத்து 'பிரைட்னஸ்', 'கான்ட்ராஸ்ட்'. இந்த இரண்டு பெயர்களும் குழப்பத்துக்கென்றே வைத்தவை போல் உள்ளன. பெரும்பாலான கருவிகளில் பிரைட்னஸ் என்பது படத்தின் பொலிவைக் கூட்டும் பொத்தான் அன்று. கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது. கான்ட்ராஸ்ட் என்பது வெள்ளை எங்கே முடிய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது. ஒன்று வீட்டின் தரை, மற்றொன்று கூரை. இரவுக் காட்சியில் பிரைட்னஸைக் கூட்டுகிறவர், பள்ளத்தில் கிடக்கும் பொருளைப் பார்ப்பதற்காகத் தரை முழுவதையும் உயர்த்துகிறார். கறுப்பு சாம்பலாகிறது, விகிதம் சரிகிறது, மூடுபனி வந்துவிடுகிறது.

இவற்றைச் சரியாக வைக்கக் கண்ணுக்கு ஒரு சாட்சி தேவை. அதை நீங்களே தயாரிக்கலாம். கணினியில் படம் வரையும் எந்த மென்பொருளிலும் நிறங்களை 0 முதல் 255 வரை எண்களால் குறிக்க முடியும். பின்னணி முழுவதும் 0, அதாவது கறுப்பு. அதன்மேல் ஆறு கட்டங்கள் வரைந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணாக 5, 10, 15, 20, 25, 30 என்று நிரப்புங்கள். இது முதல் படம். இரண்டாவது படத்தில் பின்னணி 255. கட்டங்கள் 250, 245, 240, 235, 230.

முதல் படத்தைத் திரையில் போட்டு, வழக்கமாக நீங்கள் படம் பார்க்கும் வெளிச்சத்தில், பிரைட்னஸை எல்லாக் கட்டங்களும் தெரியுமளவு உயர்த்துங்கள். பிறகு மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 5 மறைந்து, 10 என்ற கட்டம் 'இருக்கிறதா இல்லையா' என்று சந்தேகப்படும் நிலையில் நிறுத்துங்கள். இரண்டாவது படத்தைப் போட்டு, கான்ட்ராஸ்டை 250 மறையும்வரை உயர்த்தி, மீண்டும் அது தெரியும்வரை இறக்குங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது சிறிது நகரும். ஆகவே இரண்டையும் மாறி மாறி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

எவ்வளவு முயன்றும் 20 கூடத் தெரியவில்லையா? அறையைத் திரும்பிப் பாருங்கள். எண்ணுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு நேர்கோடு அன்று. 255இல் பாதியைக் கொடுத்தால் பாதி ஒளி வராது. சுமார் 22 சதவீதமே வரும். எண்ணை 255ஆல் வகுத்து, வரும் பின்னத்தை 2.2 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். இந்த 2.2ஐத்தான் மெனுவில் 'காமா' என்கிறார்கள். இந்தக் கணக்கின்படி 20 என்ற கட்டத்துக்குக் கிடைப்பது 725 லக்ஸில் 0.37 சதவீதம், அதாவது 2.7 லக்ஸ். டியூப்லைட்டின் 100 லக்ஸுக்கு நடுவே இந்த 2.7 எம்மாத்திரம்? இருட்டறையில் இதே 2.7 லக்ஸ் பளிச்சென்று தெரியும். அறையை இருட்டாக்க வழியே இல்லையென்றால் காமாவை 2.0 அல்லது 1.8 என்று குறைத்துப் பாருங்கள். தரையும் கூரையும் நகராமல் இடைப்பட்ட படிகள் மட்டும் மேலே வரும். இரவுக் காட்சிக்கு நியாயமான மருந்து அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சினிமா வட்டுகளிலும் ஒளிபரப்பிலும் கறுப்புக்கு 16 என்றும் வெள்ளைக்கு 235 என்றும் எண் கொடுப்பது வழக்கம். கணினியில் 0, 255. இரண்டு கருவிகளும் வெவ்வேறு வழக்கத்தைப் பின்பற்றினால் படம் முழுக்க வெளுத்துப்போகும், அல்லது கருமை எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். மெனுவில் 'எச்.டி.எம்.ஐ. ரேஞ்ச்' என்று இருப்பதை மாற்றிப் பார்த்து, உங்கள் கட்டங்கள் ஒழுங்காகத் தெரியும் அமைப்பிலேயே விட்டுவிடுங்கள்.

வெள்ளை எது?

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், மேலும் சூடேறினால் வெளுக்கும். வெப்பநிலை ஏற ஏற ஒளியின் நிறம் நீலத்தின் பக்கம் நகர்கிறது. அதனால் வெள்ளை ஒளியின் சாயலைக் கெல்வின் அளவில் சொல்கிறார்கள். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900. பழைய குண்டு பல்பு சுமார் 2,700. தொலைக்காட்சிக்குத் தரமாக வைத்துள்ள பகல் வெள்ளை 6,500. சில கருவிகள் 9,300 வரை போய் நீலம் பூத்த வெள்ளையைக் காட்டும். மெனுவிலோ வெப்பநிலை அதிகமானதற்குக் 'கூல்' என்று பெயர், குறைவானதற்கு 'வார்ம்' என்று பெயர்! இயற்பியல் தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

பல கருவிகளில் 'வார்ம்' என்பதே 6,500க்கு அருகில் இருக்கும். ஆனால் மாற்றிய உடனே 'ஐயோ, மஞ்சளாக இருக்கிறதே' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். நீல வெள்ளைக்குப் பழகிய கண் புதியதை ஏற்கச் சற்று நேரம் ஆகும். பத்து நிமிடம் அதிலேயே படம் பாருங்கள். பிறகு 'கூல்' போட்டால் அதுதான் அலுமினியத் தட்டு போலத் தோன்றும். சாயல் பிழையைக் கண்டுபிடிக்கப் பூந்தோட்டக் காட்சி உதவாது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சாம்பலில் பச்சையோ இளஞ்சிவப்போ கலந்திருந்தால் ஒளிந்துகொள்ள முடியாது.

சுவரின் நிறத்தையும் மறக்கக்கூடாது. நம் வீடுகளில் வெளிர்மஞ்சள் டிஸ்டெம்பர் மிகுதி. அத்தகைய சுவர் சிவப்பில் 85, பச்சையில் 80, நீலத்தில் 60 சதவீதம் பிரதிபலிப்பதாகக் கொள்வோம். வெள்ளையை வெள்ளையாக்கச் சிவப்பையும் பச்சையையும் நீலத்தின் அளவுக்கு இறக்க வேண்டும். அதாவது சிவப்பை 71 சதவீதமாக, பச்சையை 75 சதவீதமாக. முன்பு சொன்ன 21, 72, 7 என்ற பங்குகளைக் கொண்டு கூட்டினால், மொத்தப் பொலிவில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரு வெள்ளை வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டினால் இந்த இழப்பு இல்லை. அதன் பின்னால் ஒரு கறுப்புத் துணியையும் சேர்த்துக் கட்டுங்கள். துணியின் ஊடே சென்ற ஒளி பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்து படத்தை மங்கச் செய்யாமல் இருக்கும்.

பட்டுச் சேலையின் மடிப்பு

'கலர்' என்ற பொத்தான் நிறங்களின் செறிவைக் கூட்டுவது. கூட்டினால் கண்ணைப் பறிக்கும். அதனால்தான் எல்லோரும் கூட்டிவிடுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு கல்யாணக் காட்சி போதும். அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலையின் மடிப்புகளைப் பாருங்கள். ஒளி படும் மேடும் நிழல் படும் பள்ளமும் வெவ்வேறு சிவப்பு. செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் மேட்டின் சிவப்பு 255ஐத் தொட்டு நின்றுவிடும். பின்னாலேயே பள்ளமும் வந்து அதே 255இல் முட்டும். இரண்டும் ஒன்றாகி மடிப்பே மறைந்துவிடும். சேலை, சிவப்பு அட்டையை வெட்டி ஒட்டியது போலாகும். மடிப்பு திரும்பத் தெரியும்வரை இறக்குங்கள்.

இதைவிட நுட்பமான முறை ஒன்று உண்டு. 1982 இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. நிகழ்ச்சிகளுக்கு முன்னால் திரையில் செங்குத்தான வண்ணப் பட்டைகள் நிற்கும். வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இடமிருந்து வெள்ளை, மஞ்சள், பசுநீலம், பச்சை, மெஜன்டா, சிவப்பு, நீலம் என்ற வரிசை. அது அழகுக்காக வைத்ததன்று. இந்த ஏழில் வெள்ளை, பசுநீலம், மெஜன்டா, நீலம் ஆகிய நான்கில் மட்டுமே நீல ஒளி கலந்திருக்கிறது. அதுவும் ஒரே அளவில். எனவே நீல ஒளியை மட்டும் விடும் வடிகட்டி வழியே பார்த்தால் இந்த நான்கும் ஒரே பொலிவோடும் மற்ற மூன்றும் இருளாகவும் தெரிய வேண்டும். வெள்ளைப் பட்டையும் நீலப் பட்டையும் வேறுபட்டால் 'கலர்' பொத்தானைத் திருத்துங்கள். பசுநீலமும் மெஜன்டாவும் வேறுபட்டால் 'டின்ட்'டைத் திருத்துங்கள். வடிகட்டிக்கு நீல நிறக் கண்ணாடித்தாளை நாலைந்து மடிப்பாக மடித்து முயலலாம். ஆனால் முதலில் அதன் வழியே திரையில் தூய சிவப்பு, தூய பச்சைக் கட்டங்களைப் பாருங்கள். அவை கறுப்பாகாவிட்டால் அந்தத் தாள் உதவாது. பேசாமல் 'டின்ட்'டைக் கருவி வந்த நிலையிலேயே விட்டுவிடுவது நல்லது.

ஒரு விஷயம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். பெண்களைவிட ஆண்களில் அதிகம். அவர்களில் பலருக்கு அது தெரியாமலேயே இருக்கும். எனவே நிறத்தைத் திருத்தும் வேலையை ஒருவரே செய்து முடிக்காமல் இன்னும் இருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக 'ஷார்ப்னஸ்'. பெயர் கூர்மை, ஆனால் லென்சைக் கூர்மையாக்கும் சக்தி அதற்கு இல்லை. இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் ஒளிப் பக்கத்தை மேலும் ஒளியாக்கி, இருள் பக்கத்தை மேலும் இருளாக்கி ஒரு கோடு போட்டுவிடும். 1865 இல் எர்ன்ஸ்ட் மாக் கவனித்துச் சொன்னபடி, நம் கண்ணே விளிம்புகளில் இப்படி ஒரு பொய்ப்பட்டையைக் காண்கிறது. அதன்மேல் கருவியும் ஒன்று போட்டால் இரட்டைப் பொய். சாம்பல் பின்னணியில் ஒரு கறுப்புக் கோடு வரைந்து திரையில் போடுங்கள். கோட்டின் இருபுறமும் வெண்ணிற ஓரம் தெரிந்தால் அது மறையும்வரை குறையுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் லென்சைச் சுற்றிய வளையத்தைத் திருப்பிக் குவியத்தைச் சரிசெய்யுங்கள். தூசு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக் கருவியின் அடியில் ஒட்டி வையுங்கள். இரவுக்கு ஒரு வரிசை, பகலுக்கு ஒரு வரிசை. பள்ளியானால் இந்தச் சோதனைகளைக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து செய்யுங்கள். ரிமோட் அங்கிருந்து எட்டாவிட்டால் ஒருவர் முன்னால் நின்று பொத்தானை அழுத்தட்டும். விளக்குக்கு வயதாக ஆக ஒளி குறைந்துகொண்டே வரும், நிறமும் சற்று மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கட்டங்களைச் சுவரில் போட்டு, 10 என்ற கட்டம் இன்னும் மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.